என் கண்முன்னே விழுங்கிய மூன்று மாத்திரை

தம்பி,

நீ அனுப்பிய மாத்திரைப் போத்தல் செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. பஞ்சு வைத்துக் கட்டியிருந்ததால் உடையாமல் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு துண்டில், "அப்பா, ஒரு நாளைக்கு ஒன்றுதான். சாப்பிட்ட பிறகு போடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கால் வீங்கினாலோ மலம் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்" என்று எழுதியிருந்தாய். அந்தத் துண்டை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்பாய். ஒரு மாத்திரைகூட நான் போடவில்லை. முழங்கால் வீக்கம் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். நீ எழுதிய அந்த நாலு வரியைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது என் கையில் கொடுத்திருந்தால் உன் அம்மா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.

அடுத்த மாதம் நீ அக்கரப்பத்தனைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பொறுப்பேற்கப் போகிறாய். கம்பவுண்டர் மகன் டிஸ்பென்சர் ஆகிவிட்டான் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் என்னைக் கொண்டாடுகிறார்கள். இந்த நேரத்தில் ஒரு அப்பா ஆசீர்வாதம் பண்ணி எழுத வேண்டும். எனக்கு அது வரவில்லை. உன் அம்மா எப்படிச் செத்தாள் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தெரிந்தது தப்பு. தப்பாகச் சொல்லி வைத்தவன் நான்.

போன திவசத்தன்று இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. "அம்மா வேளைக்கு ஒரு வாய் சாப்பிட்டிருந்தா இன்னிக்கு நம்மகூட இருந்திருப்பாங்க. யாரு பேச்சயும் கேக்காம வெத்தலயப் போட்டே வயித்தப் புண்ணாக்கிக்கிட்டாங்க" என்றாய். உன் குரலில் துக்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. பத்து வயதில் உன்னை விட்டுவிட்டுப் போனவள்மேல் உனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன். தம்பி, அந்தப் பாயசம் எப்படித் தொண்டையில் இறங்கியது என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் நான் கம்பவுண்டராக இருந்த காலத்தை நீ சிறு பிள்ளையாகப் பார்த்திருக்கிறாய். கொழுந்து பறித்தவளின் மகன் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த நாலெழுத்தை வைத்துக்கொண்டு, போத்தலில் ஒட்டியிருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் எனக்கு வெள்ளைக் கோட்டு கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு லயத்து வழியாக நடந்தால் என்னைவிட மூத்தவர்கள்கூட "மருந்தையா" என்று ஒதுங்கி வழி விடுவார்கள். எனக்குத் தலை கால் தெரியவில்லை. எனக்கு மேலே டிஸ்பென்சர் ஐயா ஒருவர் இருந்தார். அவர் மேசையில் உட்கார்ந்து பதிவுப் புத்தகம் எழுதுவார். ஜன்னலில் நின்று மருந்து கொடுப்பது நான்தான்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நமக்கு இருந்த வாக்குரிமையும் பறிபோன பிறகு, சில வருஷம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு புது மாத்திரை வந்தது, நீ இப்போது எனக்கு அனுப்பியிருக்கிறாயே, அதேதான். அதுவரை மூட்டு வலிக்கு ஆஸ்பிரின் பொட்டலம்தான். மழையிலும் பனியிலும் இடுப்பில் ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மலையில் நிற்கும் பெண்களுக்கு விரலும் முழங்காலும் வீங்காமல் என்ன செய்யும்? புது மாத்திரையைப் போட்ட இரண்டாம் நாளே நொண்டிக்கொண்டிருந்தவள் மலை ஏறினாள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு அந்த மாத்திரையை ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் படுத்துக்கிடக்க வேண்டியவளை மலைக்கு அனுப்புகிற மருந்தை எந்தத் துரைக்குத்தான் பிடிக்காது?

கொஞ்ச நாளில் கங்காணி ஒரு புகார் கொண்டுவந்தார். பெண்கள் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போய் மாமியாருக்கும் பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கும் கொடுக்கிறார்களாம். இனிமேல் கையில் கொடுக்கக்கூடாது, ஜன்னலிலேயே விழுங்க வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். "ஒரு நாளைக்கு மூணு வேளைன்னு போட்டிருக்கே ஐயா, அதுங்க காலையில பெரட்டுக்குப் போறப்ப மட்டுந்தானே இங்க வருதுங்க" என்று நான் கேட்டேன். டிஸ்பென்சர் ஐயா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "மூணையும் காலையிலயே குடுத்துரு. மலைக்குப் பின்னாலயே போயா குடுக்க முடியும்?" என்றார். இது சரியில்லை என்று எனக்கு அப்போதே ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். பிறகு அவர்மீதும் துரைமீதும் பழியைப் போட்டுவிட்டு அந்தச் சட்டத்தை அவர்களைவிட மும்முரமாக நடத்தினேன். "வாயத் தெற, நாக்கத் தூக்கு" என்று ஒவ்வொருத்தியையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். விடிந்தும் விடியாத நேரம், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடுகிற அவசரம், வெறும் வயிறு, மிஞ்சிப் போனால் ஒரு மிடறு தேயிலைச் சாயத்தண்ணி. அதன் மேல் மூன்று மாத்திரை.

உன் அம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றாள். அவளுக்கு விரல்களும் இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. கம்பவுண்டர் பெண்டாட்டிக்கு மட்டும் வீட்டில் மருந்து போகிறது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பது என் கவலை. முதல் நாள் அவள் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரொட்டி சுட்டு வச்சிருக்கேங்க. ஒரு வாய் தின்னுட்டு வந்து போட்டுக்கிறேனே. வெறும் வயித்துல என்னமோ பண்ணுது" என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம். ஒனக்கு மட்டும் தனியாவா? நாளைக்கு நாலு பேரு என்னக் கேப்பாங்க" என்றேன், நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி.

பின்னால் நின்ற ஒருத்தி சிரித்துக்கொண்டே, "பொண்டாட்டியவாச்சும் விடுங்க மருந்தையா, பாவம்" என்றாள். உன் அம்மா மூன்றையும் போட்டு விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். மற்றவர்களைவிட நன்றாகவே திறந்து காட்டினாள். என் மரியாதை கெடக்கூடாது என்று அவளுக்கு அவ்வளவு அக்கறை. எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. நியாயஸ்தன் என்று பெயர் வாங்கிவிட்டேன் அல்லவா.

ஒரு மாதம் போன பிறகு டிஸ்பென்சரிக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஊறிக் கிடந்ததைப் பார்த்தேன். மாத்திரைகள். பெண்கள் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, மூலை திரும்பியதும் துப்பியிருக்கிறார்கள். வயிறு எரிகிறது என்று அவர்கள் சொன்னபோது நான் காது கொடுக்கவில்லை. அவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டுத் துப்ப ஆரம்பித்தார்கள். நான் ஆத்திரப்பட்டு ஐயாவிடம் போய்க் கோள் சொன்னேன். விழுங்கிய பிறகு பெயரையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். அப்படியும் துப்பினார்கள். துப்பியவர்கள் எல்லாரும் இன்றைக்கும் பேரன் பேத்தி எடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். உன் அம்மா ஒருத்திதான் துப்பாதவள். அவள் எப்படித் துப்புவாள்? கொடுத்தது புருஷன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நீ உன் புத்தகத்தில் படித்திருக்க மாட்டாய். மலையில் பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. தேயிலைச் செடி இடுப்புயரம். கீழே கங்காணி, மேலே வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, எல்லாம் ஆண்கள். ஒருத்தி வரிசையை விட்டு நகர்ந்தால், "எங்க போற?" என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அதட்டல் வரும். அதனால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பத்து மணிக்கு வரும் தேத்தண்ணியையும் பாதி கொட்டிவிடுவார்கள். வேலை முடிந்து லயத்தில் எங்கள் காம்பரா வீட்டுக்கு வந்த பிறகுதான் செம்பைத் தூக்குவாள் உன் அம்மா. என் கண்ணால் தினமும் பார்த்தேன். மருந்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் ஒரு மனுஷனாக அதைப் போய் துரையிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நெஞ்சு எரிகிறது என்றாள். வெள்ளைக் கலவை மருந்து கொடுத்தேன். பாதம் வீங்கியது, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. மூட்டு வீக்கம்தான் கீழே இறங்குகிறது என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல், பதிவுப் புத்தகத்திலும் எழுதாமல், நாலாவதாக ஒரு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அவளுக்கு என்று நான் காட்டிய ஒரே சலுகை அதுதான். பிறகு ஒரு நாள் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், "கறுப்பாப் போகுதுங்க. தாரு மாதிரி" என்றாள்.

"இரும்பு டானிக் குடிக்கிறியில்ல? அது குடிச்சா அப்பிடித்தான் போகும்."

"அது தீர்ந்து பத்து நாளாச்சுங்க."

"உள்ள தங்கியிருந்தது போக வேணாமா? சும்மா பயப்புடாத" என்றேன். இதைச் சொன்னவன் நான்தான் தம்பி. டானிக் உள்ளே தங்கும் என்று அவளுக்குப் பாடம் சொன்னேன். மாத்திரை தங்குமா என்று ஒரு தடவைகூட என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் விழுந்தது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், மத்தியானம். கூடையை இறக்கி வைத்தவள் அப்படியே மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். முதலில் கோப்பித் தூள் கரைத்த மாதிரி. பிறகு ரத்தம். நான் ஓடி வந்தபோது பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொழுந்து லொறியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உன் பெயரைச் சொன்னாள், பள்ளிக்கூடம் விட்டு வருவான் என்றாள். பிறகு, "நான் ஒண்ணுகூடத் துப்பலங்க" என்றாள். குணமாகாமல் போனதற்குத் தன்மேல் தப்பில்லை என்று என்னிடம் கணக்கு ஒப்பிக்கிறாள். லொறிக்காரனுக்குக் கேட்டுவிடப் போகிறது என்று நான் அவள் வாயைப் பொத்தினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இவள் என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் கம்பவுண்டர் என்று அவருக்குத் தெரியாது, கோட்டைக் கழற்றி லொறியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். "ஒண்ணுமில்லீங்க ஐயா. இரும்பு டானிக் மட்டுந்தான்" என்றேன். வேளைக்குச் சாப்பிடுவாளா என்று கேட்டார். "எங்க சாப்பிடுறா? எந்நேரமும் வெத்தலதான்" என்றேன். பதிவில் எழுதாத அந்த நாலாவது மாத்திரைதான் என் நாக்கைக் கட்டிப்போட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவளைப் பிழைக்க வைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் போய்விட்டாள். அன்றைக்கு டாக்டரிடம் சொன்ன பொய்தான் லயத்துக்கு வந்தது, சொந்தக்காரர்களுக்குப் போனது, கடைசியில் உன்னிடமும் வந்து சேர்ந்தது. சாப்பிடாமல் செத்தவள். பேச்சுக் கேட்காதவள். அவளைப்போல் பேச்சுக் கேட்டவள் இந்த மலையில் ஒருத்தி உண்டா?

அது மருந்தின் வேலையாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டுதான் இருந்தது. சந்தேகத்தோடு ஒருவன் வாழ்ந்துவிடலாம் தம்பி. சாப்பிடலாம், தூங்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்புப் படிப்பிலிருந்து நீ தீபாவளி லீவுக்கு வந்தபோது உன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. "இது என்ன மருந்துப்பா?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன். நீ உற்சாகமாகி, குழாயடி வாளியைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாய்.

"இந்த வாளியில அடியில ஒரு பொட்டு ஓட்டை இருக்குன்னு வைங்கப்பா. மாத்திரை வயித்துல கரைஞ்சு ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல முழுசா சேந்துரும், அது வேகமாத்தான் நடக்கும். வெளிய போறதுதான் மெதுவு. ஈரல்தான் அதக் கொஞ்சங் கொஞ்சமா மாத்தணும், மாத்தினத கிட்னி மூத்திரத்துல தள்ளணும். இந்த மருந்துல பாதி கொறையவே மூணு நாள் ஆகும்."

"அப்ப தெனமும் போட்டா?"

"நேத்துப் போட்டதே உள்ள இருக்கும், அது மேல இன்னிக்குப் போட்டது. வாளி நெறைஞ்சு வழியும். உப்பும் தண்ணியும் ஒடம்புல தங்கி காலு வீங்கும், வயிறு புண்ணாகி ரத்தம் கசியும். சத்தில்லாத ஒடம்புன்னா இன்னும் மோசம். ரத்தத்துல இருக்க புரதந்தான் மருந்தப் புடிச்சு வச்சிருக்கும், அது கொறைஞ்சா மருந்து கட்டவுத்து விட்ட மாதிரி சுத்தும். தண்ணியும் குடிக்கலன்னா கிட்னி என்னதான் செய்யும்?" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே, "பழைய ஆளுங்க இது தெரியாம எத்தன பேரக் கொன்னாங்களோ" என்றாய்.

நான் முகம் கழுவுகிறேன் என்று எழுந்து போனேன். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னது தப்பு என்பதற்காக இல்லை. இருபது வயதுப் பையன் ஒரு வாளியை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ கொழும்புக்குத் திரும்பும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டு திவசம் அதற்குப் பிறகும் வந்து போயின.

நீ போகிற இடத்திலும் ஒரு ஜன்னல் இருக்கும், பெரட்டு மணிக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கும், யாராவது ஒரு சட்டமும் போட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் வாய்க்குள் எட்டிப் பார்க்காதே. விழுங்கினாளா என்று கேட்காமல் என்ன சாப்பிட்டாய் என்று கேள். வெட்கப்படுவார்கள், ஆனாலும் கக்கூசுக்கு எப்படிப் போகிறது என்று கேள், நீ கேட்க முடியாவிட்டால் மருத்துவச்சியை விட்டுக் கேட்கச் சொல். பாதத்தை அழுத்திப் பார். மாத்திரையைக் கானில் துப்பியிருந்தால் கோள் சொல்லப் போகாதே, அவள் உடம்பு அவளிடம் என்ன சொன்னது என்று கூப்பிட்டு விசாரி. மலையில் பெண்களுக்கு ஒரு மறைப்புக் கட்டிக் கொடுக்கச் சொல்லி துரையிடம் கேள். ஒரு தடவை கேட்டால் செய்ய மாட்டான், திரும்பத் திரும்பக் கேள். உன் கோட்டைப் பறித்தால் பறிக்கட்டும். அந்தக் கோட்டைக் காப்பாற்றப் போய் நான் எதை இழந்தேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இதைப் படித்த பிறகு நீ என்னைப் பார்க்க வராமல் போகலாம். என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் வரவில்லை, கேட்கிற தகுதியும் இல்லை. வந்தால் கதவு திறந்திருக்கும், வராவிட்டால் நான் யாரிடமும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். மாசியில் திவசம் வருகிறது. சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் எவளாவது வழக்கம்போல், "பாவி, வேளைக்கு ஒரு வாய் தின்னிருந்தா" என்று ஆரம்பிப்பாள். உடனே அவள் பேச்சை நிறுத்து. எங்க அம்மாவுக்கு அப்பா கொடுத்த மருந்துதான் எமன் என்று எல்லார் முன்னாலும் சொல். நான் அங்கேயே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் சொல்.

உன் அப்பா